கேட்காமல் உயரும் கடன் வரம்பு: கட்ட வேண்டியவர் யார்?

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்போ, ஆண்டிறுதிப் போனஸ் நெருங்கும் வேளையிலோ, கடன் பற்று அட்டை வைத்திருப்பவர்களின் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வருவது வழக்கமாகிவிட்டது. அட்டையின் வரம்பை உயர்த்திக்கொள்ள நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள், சம்மதம் என்றால் பதில் அனுப்புங்கள் அல்லது செயலியில் ஒரு பொத்தானைத் தொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அவர் விண்ணப்பம் செய்திருக்க மாட்டார். கூடுதல் கடன் வேண்டும் என்று யாரிடமும் கேட்டிருக்கவும் மாட்டார்.

ஓராண்டு கழித்து அந்தக் கூடுதல் வரம்பும் கடனாக நிரம்பிவிட்டால் வீட்டிலும் வெளியிலும் இரண்டு குரல்கள் எழுகின்றன. "செலவு செய்தவர்தானே கட்ட வேண்டும்?" என்பது ஒன்று. "கேட்காமல் அள்ளிக் கொடுத்தது வங்கியின் தவறுதானே?" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வாங்கிய பொருளுக்கும் எடுத்த ரொக்கத்துக்கும் அட்டைக்காரர்தான் பொறுப்பு. அதிலிருந்து அவர் தப்ப முடியாது. ஆனால், இந்த வருமானத்துக்கு இவ்வளவு கடன் தாங்கும் என்று முடிவெடுத்தது வங்கி. அந்த முடிவுக்கு வங்கி பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பொறுப்புகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், கேட்டுப் பயனில்லாத இடத்தில் போய்க் கேட்கிறார்கள்.

வங்கி ஏன் தானாக முன்வருகிறது?

கடன் பற்று அட்டையில் மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிடுபவரிடமிருந்து வங்கிக்கு வட்டி வருமானம் கிடையாது. கடைக்காரரிடமிருந்து கிடைக்கும் சிறு கட்டணம் மட்டுமே மிஞ்சும். வட்டி வருவதெல்லாம் பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறவர்களிடமிருந்துதான். வரம்பை ஒட்டிச் செலவு செய்து, ஆகக் குறைந்த தொகையை மட்டும் தவறாமல் கட்டி வருபவர் வங்கியின் பார்வையில் நல்ல வாடிக்கையாளர். தவணை தவறுவதில்லை, வட்டியும் தருகிறார். வரம்பை உயர்த்தும் அழைப்பு இத்தகையவருக்கு வந்தால் அதில் வியப்பில்லை.

குடும்பக் கணக்கில் பார்த்தால் படம் மாறுகிறது. வரம்பை எட்டிப்பிடித்துவிட்ட ஒருவர் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டுகிறார் என்றால், அவருடைய வருமானம் செலவுக்குப் போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கலாம். வங்கியின் கணினிக்கு அது ஒழுங்கு. குடும்பத்துக்கு அது மூச்சுத் திணறல்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மலேசியாவில் இந்தத் துறைக்குக் கடிவாளமே இல்லை என்று சொல்ல முடியாது. 2011ஆம் ஆண்டு பேங்க் நெகாரா மலேசியா விதிகளைக் கடுமையாக்கியது. கடன் பற்று அட்டை பெற ஆண்டு வருமானம் ஆகக் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 36,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாகச் சம்பாதிப்பவர் இரண்டு நிறுவனங்களிடம் மட்டுமே அட்டை வைத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் அவருக்குத் தரக்கூடிய வரம்பு மாதச் சம்பளத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது.

2012 தொடக்கத்தில் பொறுப்பான கடன் வழங்கலுக்கான வழிகாட்டிகள் நடைமுறைக்கு வந்தன. கடன் வாங்குபவரின் வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள கடன்களையும் பார்த்து, திருப்பிக் கட்டும் ஆற்றல் உண்டா என்று வங்கி கணக்கிட வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. கடன் பற்று அட்டையும் இதில் அடங்கும்.

அடுத்து 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம். அதன் 124ஆவது பிரிவும் ஏழாவது அட்டவணையும் நிதி நிறுவனங்கள் செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிடுகின்றன. பயனீட்டாளர் கேட்காத நிதிச் சேவைக்கு, அவர் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்காத நிலையில், பணம் கேட்டு நெருக்குவதும் வழக்குத் தொடுப்பதாக மிரட்டுவதும் அவற்றுள் ஒன்று. இஸ்லாமிய வங்கிகளுக்கான சட்டத்திலும் இதற்கு நிகரான ஏற்பாடு உண்டு.

அப்படியானால் கேட்காமல் உயர்த்திய வரம்பில் ஏறிய கடனைக் கட்ட வேண்டியதில்லையா? அவ்வளவு எளிதன்று. வரம்பு உயர்வது மட்டும் கடன் ஆகிவிடாது. அதைப் பயன்படுத்தும்போதுதான் கடன் பிறக்கிறது. புதிய வரம்பு மாத அறிக்கையில் அச்சாகியிருந்தது, அதன் பிறகும் அட்டையைத் தேய்த்தீர்கள், ஆகவே ஏற்றுக்கொண்டீர்கள் என்று வங்கி வாதிட இடம் இருக்கிறது. மாத அறிக்கையைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் அது சரியென ஏற்றதாகக் கருதப்படும் என்ற வாசகம் அட்டை ஒப்பந்தங்களில் சாதாரணமாகக் காணப்படுவது. அதனால் "நான் கேட்கவில்லை" என்ற ஒற்றை வாதம் கடனின் அசலை அழித்துவிடும் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. ஒப்புதல் இல்லாமல் வரம்பு உயர்ந்தது உண்மையென்றால், அதனால் ஏறிய வட்டியையும் கட்டணங்களையும் கேள்வி கேட்பதற்கும், சமரசம் பேசுவதற்கும் அது வலுவான ஆதாரம். அதன் எல்லை அவ்வளவுதான்.

ஒரு தொடுதலில் கைமாறும் பொறுப்பு

வாடிக்கையாளருக்குத் தெரியாமல் வரம்பை ஏற்றும் பழைய வழக்கம் மாறி, இப்போது வங்கிகள் ஒப்புதல் கேட்டே உயர்த்துகின்றன. இது முன்னேற்றம்தான். ஆனால், சிக்கல் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

முன்பு, கேட்காமல் கொடுத்தார்கள் என்று சொல்ல முடிந்தது. இப்போது "ஆம்" என்று ஒரு சொல் அனுப்பியதும், அல்லது திரையில் பச்சைப் பொத்தானைத் தொட்டதும், அது கேட்டுப் பெற்ற கடனாகிவிடுகிறது. யோசனை வங்கியுடையது, எவ்வளவு என்ற தொகையும் வங்கி போட்டதே, ஒப்புதல் மட்டும் வாடிக்கையாளருடையது. பொறுப்பு முழுவதும் அந்த ஒரு தொடுதலில் கைமாறிவிடுகிறது.

அந்தச் செய்தி பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் வருகிறது. உயரும் தொகை பளிச்சென்று தெரியும். அது நிரம்பினால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டி முடிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்ற விவரம் அதே எழுத்தில், அதே இடத்தில் இருப்பதில்லை. வயதான தந்தையின் கைப்பேசியில் வந்ததை மகன் படித்துச் சொல்லி, "பரவாயில்லப்பா, சும்மா இருக்கட்டும்" என்று அனுப்பிவிடும் குடும்பங்கள் உண்டு. சும்மா இருக்கட்டும் என்று ஏற்றிய வரம்பு சும்மா இருப்பதில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ, காரின் பழுதோ, கல்யாணச் செலவோ வரும் நாளில் அது கையிருப்புப் பணம்போல் தோன்றத் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வங்கியில் அவருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச வரம்பு 6,000 ரிங்கிட். அது முழுவதும் நிரம்பிவிட்டது. ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. மாதாமாதம் ஆகக் குறைந்த தொகையான 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அதை மட்டும் கட்டுகிறார். புதிதாக ஒரு சென்னும் செலவு செய்யவில்லை. அப்படியும் கடன் தீர ஏறக்குறைய 6 ஆண்டுகள் பிடிக்கும். வட்டி மட்டும் சுமார் 2,300 ரிங்கிட்.

இரண்டாவது வங்கியும் அதே 6,000 ரிங்கிட்டைத் தந்து, அதுவும் நிரம்பினால் மொத்தக் கடன் 12,000 ரிங்கிட். அதாவது, நான்கு மாதச் சம்பளம். தொடக்கத்தில் இரு அட்டைகளுக்கும் சேர்த்து மாதம் 600 ரிங்கிட் கட்ட வேண்டும். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பள்ளிப் பேருந்துக் கட்டணம் எல்லாம் மீதியில்தான். இத்தனைக்கும் இது விதிகளை மீறாத, சட்டத்துக்கு உட்பட்ட வரம்பு.

36,000 என்ற கோட்டைத் தாண்டினால் நிலைமை இன்னும் தளர்ந்துவிடுகிறது. மாதம் 3,000 ரிங்கிட் வாங்குபவருக்கு இரண்டு மடங்கு என்ற வேலி உண்டு. 3,100 ரிங்கிட் வாங்குபவரின் ஆண்டு வருமானம் 37,200 ஆகிவிடுவதால் அந்த வேலி அவருக்குப் பொருந்தாது. அதன் பிறகு வங்கியின் சொந்தக் கணிப்பும், திருப்பிக் கட்டும் ஆற்றலைப் பார்க்க வேண்டும் என்ற பொது விதியும்தான் காவல். நூறு ரிங்கிட் சம்பள உயர்வு ஒருவரின் வாழ்க்கையை மாற்றிவிடாது. ஆனால், அவர் மீது ஏற்றக்கூடிய கடனின் அளவை மாற்றிவிடுகிறது.

நம் குடும்பங்களை இது எங்கே தொடுகிறது?

இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், ஆண்டுக்கு 20,400. இந்த அடிப்படைச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்குக் கடன் பற்று அட்டை கிடைக்காது. ஆனால், பட்டணத்துக்கு வந்து தொழிற்சாலையிலும் கிடங்கிலும் லோரியிலும் வேலை செய்யும் அடுத்த தலைமுறை அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. அவர்களில் பலரின் வருமானத்தில் பெரும்பங்கு மிகைநேர வேலையிலிருந்து வருவது. மிகைநேரம் நிறைந்த மாதங்களின் சம்பளச் சீட்டைக் காட்டி வரம்பு ஏறிவிடுகிறது. ஆர்டர் குறைந்து மிகைநேரம் நின்றதும் சம்பளம் இறங்குகிறது. வரம்பும் கடனும் இறங்குவதில்லை.

இன்னொன்று, அட்டை ஒருவர் பெயரில் இருந்தாலும் செலவு குடும்பத்துடையதாக இருப்பது. அண்ணன் அட்டையில் தம்பி கைப்பேசி வாங்குவதும், மனைவியின் அட்டையில் கணவர் காருக்கு டயர் மாற்றுவதும் நம் வீடுகளில் புதிதல்ல. துணை அட்டை எடுத்துக் கொடுத்தாலும் அது பொதுவாக முதன்மை அட்டையின் வரம்பையே பகிர்ந்துகொள்கிறது. வரம்பு உயரும்போது குடும்பத்தின் எதிர்பார்ப்பும் சேர்ந்து உயர்கிறது. கடைசியில் சிசிரிஸ் எனப்படும் மத்தியக் கடன் தகவல் பதிவில் ஏறுவது ஒருவர் பெயர்தான். பின்னாளில் வீட்டுக் கடனுக்கு அவர் விண்ணப்பிக்கும்போது தவறிய தவணைகள் மட்டுமல்லாமல், அட்டைகளின் வரம்பும் வங்கிகளின் கண்ணில் படும்.

மோசடிக்காரர்களின் கையில் அட்டை விவரம் சிக்கினால், வரம்பு எவ்வளவோ அவ்வளவு வரை இழப்பு போகலாம் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அட்டைக் கடனின் ஆகக் குறைந்த தொகையைக் கட்ட ஆலோங்கிடம் போவது இந்தச் சங்கிலியின் மிகக் கொடிய கண்ணி. வங்கிக் கடனில் வட்டிக்கு உச்சவரம்பும், புகார் செய்ய இடமும், தவணையை மாற்றியமைக்க வழியும் இருக்கின்றன. அந்தப் பாதுகாப்புள்ள கடனை அடைக்க, எந்தப் பாதுகாப்பும் இல்லாத கடனை வாங்குவது குடும்பத்தையே ஆபத்தில் தள்ளிவிடும்.

அட்டை இல்லாத இளைஞர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. இணையக் கடைகளின் செயலிகளில் இப்போது வாங்கு, பிறகு கட்டு என்ற முறை பரவியிருக்கிறது. ஓரிரு தவணைகளை ஒழுங்காகக் கட்டியதும் செலவு வரம்பு தானாக ஏறிக் காட்டுவது அங்கே சாதாரணம். வங்கிகளை வைத்து எழுதப்பட்ட 24,000 ரிங்கிட் கோடு அங்கே இல்லை. இத்தகைய வங்கி சாராக் கடன்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரத்தான் 2025ஆம் ஆண்டு பயனீட்டாளர் கடன் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. தானாக ஏறும் வரம்பை அது எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் அதன் பயன் தெரியும்.

பிற நாடுகள் என்ன செய்தன?

பக்கத்திலுள்ள சிங்கப்பூர் இதில் ஒரு படி தெளிவாக நடந்துகொண்டது. 2013இல் அந்நாட்டு நாணய ஆணையம் அறிவித்த விதிகளின்படி, வரம்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் ஒப்புதலோடு, எவ்வளவு வரம்பு வேண்டும் என்ற தொகையையும் அவரிடமிருந்தே பெற வேண்டும். எல்லா நிறுவனங்களிடமும் உள்ள பிணையற்ற கடன்களின் மொத்தத்துக்கும் அங்கே எல்லை உண்டு. 2015இல் மாதச் சம்பளத்தின் 24 மடங்காகத் தொடங்கிய அந்த எல்லை, படிப்படியாகக் குறைந்து 2019இல் 12 மடங்கானது.

ஆஸ்திரேலியா இன்னும் கடுமையாகப் போனது. கேட்காதவரிடம் வரம்பை உயர்த்திக்கொள்ளும்படி அழைப்பு விடுப்பதையே 2018இல் தடை செய்தது. புதிய வரம்பு முழுவதும் நிரம்பினாலும் அதை மூன்றாண்டுகளில் கட்டி முடிக்க முடியுமா என்று பார்த்தே கடன் தர வேண்டும் என்ற விதி 2019இல் வந்தது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, கேட்காமல் அட்டை வழங்கியோ தரம் உயர்த்தியோ கட்டணம் விதித்தால், அதைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கைத் தண்டமாகவும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்று நாடுகளும் செலவு செய்தவரின் கடனை ரத்து செய்துவிடவில்லை. கடன் பிறப்பதற்கு முந்தைய கட்டத்தில் வங்கியின் கையைக் கட்டின. மலேசியா கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சிக்கலில் இருப்பவர் செய்யக்கூடியது

உயர்த்தும் அழைப்பு வந்தால் பதில் அனுப்பாமல் இருக்க முழு உரிமை உண்டு. மறுப்பதால் அட்டை பறிபோய்விடாது. ஏற்கெனவே உயர்ந்துவிட்ட வரம்பைக் குறைக்கச் சொல்லியும் வங்கிக்கு எழுதலாம். ஒரு மாதச் சம்பளத்துக்குள் வரம்பை வைத்துக்கொள்வது பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது.

ஒப்புதல் இல்லாமலேயே வரம்பு உயர்ந்திருந்தால் தாமதிக்கக்கூடாது. எந்த மாத அறிக்கையில் அது முதலில் தெரிந்தது என்று குறித்துக்கொண்டு, பழைய வரம்புக்கே கொண்டுவரும்படி வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும். தாம் எப்போது, எந்த வழியில் ஒப்புக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது என்பதற்குச் சான்று கேட்பது முக்கியம். தொலைபேசியில் பேசிவிட்டு விட்டுவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது.

வங்கியின் இறுதிப் பதில் ஏற்புடையதாக இல்லையென்றால், ஆறு மாதங்களுக்குள் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். 2025 ஜனவரி முதல் இயங்கும் இந்த அமைப்பு பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. யாருக்கு எவ்வளவு கடன் தருவது என்ற வணிக முடிவுகளை இத்தகைய குறைதீர்ப்பு அமைப்பு விசாரிப்பதில்லை. "எனக்கு இவ்வளவு கொடுத்திருக்கக்கூடாது" என்று எழுதினால் புகார் நிற்காமல் போகலாம். "என் ஒப்புதல் இல்லாமல் வரம்பு மாற்றப்பட்டது, அதற்கான சான்றை வங்கி காட்டவில்லை" என்று எழுதினால் அது நடத்தை பற்றிய புகார். பேங்க் நெகாராவிடமும் புகார் செய்யலாம்.

கடன் கைமீறிப் போய்விட்டதென்றால், பேங்க் நெகாரா 2006இல் தோற்றுவித்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக உதவுகிறது. பல வங்கிகளின் பாக்கிகளை ஒரே தவணைத் திட்டமாக மாற்றி, வங்கிகளுடன் பேசி முடிக்க அதனால் முடியும். இதற்குத் தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கடன் 1 லட்சம் ரிங்கிட்டை எட்டினால்தான் திவால் நடவடிக்கை எடுக்க முடியும் என்பதை நம்பிச் சும்மா இருப்பதும் தவறு. அதற்குக் குறைந்த தொகைக்கும் வங்கி வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்கலாம். அதன் பேரில் சொத்தைப் பறிமுதல் செய்யவும் வழி உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி

கடன் வாங்கியவரைக் கைநீட்டிப் பேசுவது நம் சமூகத்தில் எளிது. "ஆசைப்பட்டான், அனுபவிக்கிறான்" என்ற பேச்சால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்பவர், உதவி கேட்க வேண்டிய முதல் ஆறு மாதத்தைத் தவறவிடுகிறார். சிக்கனம் தனிமனிதரின் கடமைதான். அதைச் சொல்லிவிட்டு, மூவாயிரம் ரிங்கிட் சம்பளக்காரரைத் தேடி வந்து கூடுதல் கடனை நீட்டும் முறையைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட முடியாது.

கோரிக்கைகள் பெரியவையல்ல. வரம்பு எவ்வளவு வேண்டும் என்பதை வாடிக்கையாளரே எழுதிக் கேட்கட்டும். ஒப்புதல் கேட்கும் செய்தியில், அந்த வரம்பு நிரம்பினால் மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு என்ற இரண்டு எண்களும் இருக்கட்டும். ஆகக் குறைந்த தொகையை மட்டுமே கட்டி வருபவருக்கு அழைப்பே அனுப்பக்கூடாது என்ற விதி வரட்டும். தமிழ் மொழியில் விளக்கம் கிடைக்கட்டும். பயனீட்டாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இவற்றைக் கையில் எடுக்கலாம்.

அதுவரை, செலவழித்த பணம் அட்டைக்காரரின் கடனாகவே இருக்கும். அடுத்த குறுஞ்செய்தி வரும்போது பதில் அனுப்பாமல் விடுவதுதான், இப்போதைக்கு அவர் கையில் உள்ள செலவில்லாத பாதுகாப்பு.